ஒன்பது எருமைகளின் சந்நியாசம்

குளம் காவியாகிப் போயிற்று.

யார் செய்தது என்று ஊற்றுக்கரை மடத்தில் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். பொங்கியண்ணன்.

முப்பத்தைந்து வருஷம் சாயப்பட்டறையில் மாஸ்டராக இருந்தவர். வயது அறுபத்து மூன்று. பெண்சாதி போய்ச் சேர்ந்த பிறகு, இனித் துணியும் வேண்டாம், சாயமும் வேண்டாம் என்று மடத்துக்கு வந்தார்.

வந்த இடத்திலும் அதுதான் இருந்தது. மடத்தில் இருபத்திரண்டு சந்நியாசிகள். இருபத்திரண்டு பேருக்கும் காவி.

மலைச்சரிவில் காவிக்கல் வெட்டி, இழைத்துக் கரைத்து, அதில் துணியை முக்குவார்கள். நாலு துவைப்பில் வெளுக்கும். மறுபடி முக்குவார்கள். மடம் தோன்றிய நாளாக அதுதான் வழக்கம்.

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. மடத்துத் தலைவியிடம் போனார்.

தலைவி யோகாம்பிகை அம்மா. வயது நாற்பத்திரண்டு. மாஸ்டரின் மூத்த மகளைவிட ரெண்டு வயது கூட, அவ்வளவுதான். அதிகம் பேசமாட்டார்.

"சாமியாருங்க துணி சாயம் போயி நிக்கறதுங்களா, அம்மா? பார்க்கப் பார்க்க என்ற வயிறு எரியுதுங்க."

"வெளுத்தா என்ன?"

"வெளுத்தா சாமியாருன்னு எப்படிங்க தெரியும்?"

அம்மா சிரித்தார்.

அந்தச் சிரிப்பை மாஸ்டர் உத்தரவு என்று எடுத்துக்கொண்டார்.

டவுனிலிருந்து தூள் சாயம் வந்தது. உப்பு வந்தது. சோடா வந்தது. துணி பளபளத்தது. கசக்கினாலும் போகவில்லை, கல்லில் அறைந்தாலும் போகவில்லை. சந்நியாசிகள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்தார்கள்.

துணியில் ஒட்டாத சாயம் வாய்க்காலில் போனது. வாய்க்கால் குளத்தில் போய் விழுந்தது.

பதினெட்டு மாசம்.

மாசியில் குளம் வற்றி இடுப்பளவுக்கு வந்தபோது, தண்ணீர் இருந்த இடத்தில் காவி நின்றது.

*

முதலில் வந்தவர் எருமைக்கார ஆறுச்சாமி. மடத்துக்குக் கீழே இருக்கிற ஊர்க்காரர்.

"அம்மா, மடத்துல எருமைக்கும் தீட்சை தர்றீங்களாங்க?"

"ஏன்?"

"என்றது ஒம்பதும் குளத்துல முங்கி எந்திரிச்சு காவியா வந்து நிக்குதுங்க. பாலைக் கேட்டா ஞானத்தைப் பார்க்குதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"சிரிச்சாச்சுங்களா?" ஆறுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "இப்பெல்லாம் முங்கறதும் இல்லீங்க. மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்குது. நாலு மைலுக்கு வேற தண்ணி இல்லை. வைகாசி வரைக்கும் குடத்துல சுமப்பேன். அப்புறம் ஒம்பதையும் சந்தையில புடிச்சுக் குடுத்துப்போட்டு, டவுன்ல எவன் கேட்டுக்காவது வாட்ச்மேனா நிக்க வேண்டியதுதான். எருமையைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கேட்டுக்கு முன்னால நிக்கத் தெரியுமான்னும் தெரியலை."

போய்விட்டார்.

அந்த வைகாசி விசாகத்துக்குத்தான் மாஸ்டருக்குக் காவி தருவதாக இருந்தது. பதினெட்டு மாசமாக ஊருக்கெல்லாம் காவி போட்டவர், தான் மட்டும் வெள்ளை வேட்டியோடு காத்திருந்தார். குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கரையில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி தன் குருவின் பெயரைச் சொல்ல வேண்டும். சொன்னால் துணி. அது மடத்து முறை.

மாஸ்டர் அம்மாவின் காலில் விழுந்தார்.

"தூள் சாயத்தை நிறுத்திப்போட்டனுங்க. டப்பாவைக் கட்டி அனுப்பியாச்சு."

"குளம்?"

"மதகைத் திறந்து விட்டுட்டா, மழைக்குப் புதுத் தண்ணி வந்துருமுங்க."

"கீழே யாரு?"

மாஸ்டர் மதகுப் பக்கம் திரும்பினார். கீழே ஆறுச்சாமி. ஆறுச்சாமிக்குக் கீழே இன்னொரு ஊர். அதற்கும் கீழே ஒரு ஊர்.

அம்மா அவருடைய வேட்டியைக் காட்டினார். பிறகு குளத்தைக் காட்டினார்.

"அதைக் கழட்டிட்டு வாங்க. அப்புறம் இதைக் கழட்டலாம்."

*

படிகாரம் போட்டார். சாயம் அடியில் படிந்தது. மாஸ்டர் மீசையைத் தடவினார். சாயங்காலம் காற்று அடித்தது. படிந்தது எழுந்து வந்து மேலே உட்கார்ந்தது.

பிளீச்சிங் பவுடர் போட்டார். நிறம் கொஞ்சம் இறங்கியது. மறுநாள் காலை குளம் பூரா மீன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

அம்மா குளத்துக்கு வந்தார். ஒரு மீனை எடுத்தார். மாஸ்டரின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தார். போய்விட்டார்.

மாஸ்டர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் சாயக்கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, துணி காயப் போடும் கொடி கண்ணில் பட்டது. தேங்காய் நார்க் கயிறு. ஈரத் துணி பட்டுப் பட்டு அது காவியாகி இருந்தது. தண்ணீரில் முக்கிக் கசக்கினார். விடவில்லை.

எழுந்து நின்றார்.

நார்! நார் குடிக்கிறது!

கயிறு திரிக்கிற மில்லிலிருந்து ரெண்டு வண்டி பச்சை நார் வந்தது. குளத்தில் ஒரு மூலையைப் பலகை போட்டு மறித்து, அதில் பாதியைக் கொட்டினார். மடமே கரையில் வந்து நின்றது.

ரெண்டு நாள் கழித்து ஆறுச்சாமி வந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"காவி கொஞ்சங்கூடப் போகலீங்க. மேல காப்பியும் சேர்ந்துருக்குது. அடுத்ததுக்குப் பாலை ஊத்துங்க, எருமை வேண்டாம், நானே குடிச்சுப் பார்க்கறேன்."

*

"எல்லாம் செஞ்சு பார்த்துட்டனுங்கம்மா. எனக்குச் சாயத்தைப் புடிக்க வெக்கத் தெரியும். விட வெக்கத் தெரியாது. இந்த ஜென்மத்துல எனக்குக் காவி இல்லீங்க."

"தண்ணி என்ன நிறமாச்சு?"

"பழுப்புங்க."

"யாரோட நிறம்?"

மாஸ்டருக்குப் புரியவில்லை. "சாயத்தோடதுதானுங்க… இல்லை, ரெண்டும் கலந்து…"

அம்மா காத்திருந்தார். பிறகு சமையல்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

"போய்ப் பாத்திரம் தேயுங்க."

"அம்மா, நானுங்களா? நாப்பது ஆளுக்கு வேலை சொன்னவனுங்க நான்."

அம்மா புத்தகத்தைத் திறந்து படிக்க ஆரம்பித்தார்.

*

சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு முற்றம். அங்கே ஒரு பெண்மணி அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். மாஸ்டர் வந்த நாளிலிருந்து அவர் அங்கேதான் இருந்தார். மாஸ்டர் அவரைக் கூப்பிடுவது 'ஏம்மா' என்று.

தலையை வெளியே எடுத்தார்.

"மாஸ்டருங்கறதா, சாமிங்கறதா?"

"எதுவும் வேண்டாம். அம்மா அனுப்புனாங்க."

"அப்போ உக்காருங்க. குழம்புச் சட்டியில ஆரம்பிங்க. அதுதான் சின்னப் புள்ளைங்க தேய்க்கறது."

மாஸ்டர் உட்கார்ந்தார். பக்கத்தில் கிடந்த பச்சை நாரை எடுத்துப் பித்தளைச் சட்டியில் வைத்து ஒரு தேய் தேய்த்தார்.

கையில் ஒரு அடி விழுந்தது.

"பச்சை நாரைப் போட்டுத் தேய்ப்பாங்களா யாராச்சும்? சட்டி பூரா அதோட கறை ஏறும். அப்புறம் அதை யாரு தேய்க்கறது? சம்சாரம் இருந்தப்ப ஒரு நாளாவது பாத்திரத்தைத் தொட்டிருக்கீங்களா?"

"இல்லை."

"தெரியுது."

அவருக்குப் பக்கத்தில் ஒரு மண்பானை. அதில் புளிக்கோது, புளியின் சக்கை, கரைத்த தண்ணீர். தண்ணீருக்குள் பழைய நார். எத்தனையோ தடவை அலசி, தேய்த்து, ஊறி, சாயம் போடாத பஞ்சு மாதிரி வெளுத்த நார்.

"இதை எடுங்க."

மாஸ்டர் எடுத்தார். தேய்த்தார். ஒன்றும் யோசிக்கவில்லை. கோபத்தில் இருந்தார்.

ஒரு வாரம் கோபத்தில் இருந்தார்.

எங்கே போனாலும் ஒரு பித்தளைச் சொம்பில் குளத்துத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனார். முன்னால் வைத்துக்கொண்டு முறைத்தார். சொம்பு களிம்பேறி, வெளியே பச்சை, உள்ளே காவி.

அந்தப் பெண்மணிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாஸ்டர் அடுப்புச் சாம்பல் அள்ளப் போன நேரம், சொம்பைப் பிடித்து இழுத்து, பானையிலிருந்து ஒரு பிடி நாரைக் கோதோடு எடுத்து, தண்ணீரைக்கூடக் கொட்டாமல் உள்ளே திணித்துவிட்டார்.

மாஸ்டர் திரும்பி வந்தார்.

"ஏம்மா! என்ன பண்றே? அது குளத்துத் தண்ணி!"

"எந்தத் தண்ணியா இருந்தா எனக்கென்ன? களிம்பு இருக்குது. ஊறட்டும். அண்டா முடிச்சுட்டு வந்து தேய்க்கறேன்."

"அதைப் பார்க்கணும் நானு!"

"ஒரு வாரமாப் பார்த்து என்ன கிழிச்சீங்க?"

மாஸ்டர் சாம்பல் கூடையை வைத்துவிட்டுச் சட்டியைத் தேய்த்தார்.

அண்டா முடிந்தது. பெண்மணி சொம்பை எடுத்து, நாரை வெளியே இழுத்தார்.

நார் காவியாக இருந்தது.

மாஸ்டர் எட்டிச் சொம்பைப் பிடுங்கினார். உள்ளே பார்த்தார்.

சொம்பின் அடி தெரிந்தது.

*

நாரைப் பிழிந்தார். விடவில்லை. நல்ல தண்ணீரில் அலசினார். விடவில்லை. மூன்று தண்ணீர் மாற்றினார். நார் ஒரே பிடியாக நின்றது.

மாஸ்டர் முற்றத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பச்சை நாருக்குத் தன் கறையே போகவில்லை. அதை அப்படியே கொண்டுபோய்க் குளத்தில் கொட்டினவர் அவர். அது தன்னிடம் இருந்ததைக் கக்கியது. வேறென்ன செய்யும்?

சரி. புளி?

அதற்கு அவருக்கே சிரிப்பு வந்தது. பருத்தித் துணிக்குச் சாயம் பிடிக்க உப்பும் சோடாவும். கம்பளிக்கும் பட்டுக்கும் புளிப்பு. முப்பத்தைந்து வருஷம் அவர் வாயால் சொன்னது. எந்தத் துணிக்கு எதைக் கொடுத்தால் சாயம் உட்காரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

நாரைத் துணி என்று அவர் நினைக்கவே இல்லை. புளிப்பு பட்டால் நாரும் பட்டு மாதிரி சாயத்தைப் பிடிக்கும்.

விட வைக்கத் தெரிய வேண்டியதே இல்லை. பிடிக்க வைத்தால் போதும். வேறொன்றில்.

எழுந்து அம்மாவிடம் ஓடினார். காவி நாரைக் காட்டினார். மூச்சு வாங்கியது.

"நாரோட நிறமுங்க! பழுப்பு, நாரோட நிறம்!"

அம்மா நாரை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"குளத்துக்கு எத்தனை சொம்பு?" என்றார்.

*

மடம் கிறுக்குப் பிடித்த மாதிரி வேலை செய்தது.

மிச்சம் இருந்த ஒரு வண்டி நாரையும் நெல் அவிக்கிற கொப்பரையில் போட்டு அவித்தார்கள். பழுப்புத் தண்ணீரைக் குழி வெட்டி, ஆறவைத்து அதில் இறுத்தார்கள். மறுபடி அவித்தார்கள். தண்ணீர் தெளிவாக வருகிற வரைக்கும். வேதாந்தம் படித்த சந்நியாசிகள் காவியை மடித்துக் கட்டிக்கொண்டு நார் அலசினார்கள்.

"இன்னும் பழுப்பு வருது சாமி! அலசுங்க!" அண்டாப் பெண்மணி கரையில் நின்று சத்தம் போட்டார். "மோட்சம் அவசரமா வேணுமுங்களா? நாரு வெளுக்கட்டும், அப்புறம் போலாம்!"

ஊரில் புளி தட்டும் காலம். கோது வீட்டுக்கு வீடு குப்பையில் கிடந்தது. கூடை கூடையாக வந்தது.

மூன்று சிமெண்ட் தொட்டிகள். முதல் ரெண்டில் புளித்தண்ணீரில் ஊறிய நார். குளத்துத் தண்ணீரை மோட்டார் போட்டு மேலே இழுத்து, நாருக்குள் விட்டு, கீழே வடிய வைத்து, குளத்துக்கே திருப்பினார்கள்.

"புளிச்ச தண்ணியை எருமை குடிக்காதுங்களே," என்றார் ஆறுச்சாமி. அவரும் வந்து மண்வெட்டி பிடித்திருந்தார்.

மாஸ்டர் மூன்றாவது தொட்டியில் சுண்ணாம்புக்கல்லைக் கொட்டினார். நாக்கில் விட்டுப் பார்த்தார். புளிப்பு இறங்கும் வரைக்கும் கொட்டினார்.

நார் காவியானால் எடுத்தார்கள். புது நார் போட்டார்கள்.

பதினைந்தாம் நாள் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. இருபதாம் நாள் மாஸ்டருக்குக் காய்ச்சல் வந்தது. போர்த்திக்கொண்டு மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இருபத்தெட்டாம் நாள் குளத்தின் முதல் படி தெரிந்தது.

முப்பத்து மூன்றாம் நாள் இரண்டாம் படி.

எடுத்த நார் மலை மாதிரி குவிந்தது. அம்மா அதைச் சுற்றி வந்தார்.

"இதை எங்கே கொட்டுவீங்க?"

மாஸ்டர் இந்த முறை தயாராக இருந்தார். "எங்கேயும் கொட்ட மாட்டனுங்க. கொட்டுனா, கீழே யாரு?"

கயிறு திரிக்கத் தெரிந்த ரெண்டு பேரைப் பிடித்துக் கால்மிதி பின்ன வைத்தார். மடத்து வாசல், கூடம், சமையல்கட்டு, கீழ் ஊரில் வீட்டுக்கு ஒன்று. மழை படாத இடம் பார்த்துப் போட்டார்கள். இருபத்திரண்டு சந்நியாசிகளும் ஒவ்வொரு தடவை உள்ளே வரும்போதும் நல்ல கெட்டிக் காவியில் காலைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.

அம்மா அதில் நின்று கொஞ்ச நேரம் சிரித்தார்.

*

வைகாசி விசாகம். காலை.

முந்நூறு பேருக்குச் சாப்பாடு. கரை நிறையக் கூட்டம். ஆனால் முதலில் இறங்க வேண்டியவர்கள் மனிதர்கள் இல்லை.

ஆறுச்சாமி ஒன்பதையும் ஓட்டிக்கொண்டு வந்தார். மூத்த எருமை படியில் நின்றது. மூக்கை நீட்டியது.

மாஸ்டர் குனிந்து அந்த மூக்கையே பார்த்தார்.

எருமை மோந்தது. யோசித்தது. மூஞ்சியைத் திருப்பியது.

திரும்பி ஆறுச்சாமியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலையைக் குனிந்து குடித்தது. சத்தமாக, நிறுத்தாமல், வயிறு ஏறி இறங்கக் குடித்தது. பின்னாலிருந்த எட்டும் இடித்துக்கொண்டு இறங்கின. குடித்து முடித்து நடுக்குளத்துக்குப் போய் முங்கின. மூக்கு மட்டும் தெரிந்தது.

கரையில் இருந்தவர்கள் எக்கிப் பார்த்தார்கள்.

எழுந்து வந்தன. கறுப்பாகப் போன ஒன்பதும் கறுப்பாகவே வந்தன.

"சம்சாரத்துக்கே திரும்பிருச்சுடோய்!" ஆறுச்சாமி துண்டை மேலே எறிந்தார். அது குளத்தில் விழுந்தது. எடுத்துப் பிழிந்தார். வெள்ளையாக இருந்தது. மறுபடி எறிந்தார்.

கூட்டம் போட்ட சத்தத்தில் மரத்துப் பறவை எல்லாம் கிளம்பிப் போயின.

அம்மா படியில் வந்து நின்றார். கையில் மடித்த துணி. காவிக்கல்லில் முக்கியது. வெளுக்கிற காவி.

மாஸ்டர் இறங்கினார். இடுப்பளவு தண்ணீர். குனிந்தார். தன் கால் விரல் பத்தும் தெரிந்தது. கண் கலங்கியது. கைகூப்பினார்.

"யோகாம்பிகை அம்மா!"

அம்மா துணியை நீட்டவில்லை.

மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இன்னும் சத்தமாக, "யோகாம்பிகை அம்மா!"

அம்மா நகரவில்லை.

"காது கேக்கலீங்களா, அம்மா?"

"கேக்குது," என்றார் அம்மா. "குரு பேரைச் சொல்லுங்க."

கரை அமைதியானது. அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. மடத்துக்குப் பின்னாலிருந்து. பித்தளையில் நார் தேய்கிற சத்தம். முந்நூறு பேர் சாப்பாட்டுக்கு அண்டா வேண்டும். விசாகம் என்று அவருக்கு யார் லீவு கொடுத்தார்கள்?

மாஸ்டர் சத்தம் வந்த பக்கம் திரும்பினார்.

குளத்தை விட்டு ஏறினார். சொட்டச் சொட்டக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தார். வாசல் கால்மிதியில் காலைத் துடைத்தார். சமையல்கட்டைத் தாண்டி முற்றத்துக்குப் போனார்.

அந்தப் பெண்மணி அண்டாவுக்குள்ளிருந்து தலையை எடுத்தார்.

"என்ன அதுக்குள்ள? காவி குடுத்தாச்சா?"

"உங்க பேரு என்னங்க?"

"என்னது?"

"பேருங்க. உங்க பேரு."

அவர் புறங்கையால் நெற்றியைத் துடைத்தார். மாஸ்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா நான் கழுவுன தட்டுல தின்னுட்டு, இன்னைக்குத்தான் கேக்கத் தோணுச்சுங்களா?"

"ஆமாங்க."

"தள்ளி நில்லுங்க. தேய்ச்ச பாத்திரத்துல தண்ணி சொட்டுது."

தள்ளி நின்றார்.

அவர் சொன்னார். சொல்லிவிட்டு அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

மாஸ்டர் திரும்பி நடந்தார். பாதி வழியில் ஓடினார். படி இறங்கினார். தண்ணீரில் இடுப்பளவு நின்றார். ஆறுச்சாமியும் ஒன்பது எருமைகளும் இருபத்திரண்டு சந்நியாசிகளும் பார்த்திருக்க, எதிர்மலை திருப்பிச் சொல்லும்படி கத்தினார்.

"பாவாத்தாள்!"